இறந்தவள் பெயரில் குத்திய முத்திரை

பெயர் கோ சுய்மூ. வயது எழுபத்து நான்கு. தைவான், காவ்சியுங் நகர், காங்ஷான் ரயில் நிலையப் பின்தெருவில் குடியிருந்து, தேஷிங் என்ற போல்ட் பட்டறை நடத்திவருகிறேன். விசாரணையில் நான் கூறுவது:

விற்பனை ரசீதில் நிறுவனப் பெயர், பதிவெண், முகவரி, பொறுப்பாளர் பெயர் அடங்கிய முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம். பட்டறை என் மனைவி ஆதுவான் பெயரில் பதிவாகியிருந்ததால் முத்திரையிலும் அவள் பெயரே இருந்தது. சென்ற ஆண்டு அவள் இறந்தாள். அதன்பின் என்னைப் பொறுப்பாளராகப் பதிந்து, புது முத்திரை செய்து, அதை என் இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டேன். பழையதன் பிடி அவள் கட்டைவிரல் பட்டு ஒருபக்கம் தேய்ந்திருந்தது. அதை உடைக்காமல், நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் இறந்தவளுக்காக எரிக்கும் காகித வீட்டோடு சேர்த்து எரிக்கும்படி மகன் ரோங்ஃபாவிடம் கொடுத்தேன்.

அதன்பின் இந்த மாதம் கோயில் விழா மேடையின் சாரத்தில் போல்ட் முறிந்து, வூ என்ற தொழிலாளிக்குக் கால் போயிற்று. போல்ட்டுக்கான ரசீதில் எங்கள் முத்திரை இருந்ததால் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

அதிகாரி பெங், "பெரியவரே, உங்க கம்பெனி பேரு, உங்க நம்பர். இன்னும் என்ன வேணும்?" என்றார்.

"பொறுப்பாளர் பேரையும் படிங்க. ரசீது போன மாசத்துது. செத்தவ எந்திரிச்சு வந்து சீல் குத்திட்டுப் போனாளா?" என்றேன்.

அதன்பின் வெளியே பெஞ்சில் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, பழைய சீலை மறதியா நீங்களே குத்திட்டதா சொல்லிடுங்க. இந்த வயசுல உங்களை உள்ள வைக்க மாட்டாங்க."

"அன்னிக்கு நெருப்புல என்னடா போட்ட?"

"சீல் இருந்த டப்பாவை மட்டுந்தான்."

"போல்ட் எங்கேருந்து வந்துச்சு?"

"வெளிச்சரக்கு. விலை கம்மி."

"அதை உங்கம்மா பேர்லயா வித்த?"

"உங்களுக்கு உங்க வீம்புதான் பெருசு, புள்ள பெருசில்ல."

அதன்பின் நான் எழுந்துபோய் அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் அதிகாரியிடம் கூறினேன். அவன் வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து முத்திரையை என் முன்னிலையில் கைப்பற்றினார்கள். தேய்ந்த பிடியை வைத்து அடையாளம் காட்டினேன். ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்கக் கேட்டேன். சாட்சியப் பொருள் என்று மறுத்துவிட்டார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. மகனுக்காக ஒரு வரியும் மாற்றச் சொல்லவில்லை. கீழே முத்திரை குத்தச் சொன்னார்கள். மறுத்துவிட்டு என் கட்டைவிரலைப் பதிக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
கோ சுய்மூ