அறுபத்தொரு கிலோ

எஞ்சின் மேல மட்டும் பழியைப் போட்டுடாதீங்க தம்பி. வேற எது மேல வேணாலும் எழுதிக்கோங்க. எங்க விமான கிளப்புல இருக்கற ட்ரெவர் உங்களை கேட்டுலயே மடக்கியிருப்பான், எனக்குத் தெரியும். "கார் எஞ்சினைக் கொண்டுபோய் விமானத்துல மாட்டினா இப்படித்தான் ஆகும்"னு சொன்னானா? சொல்லியிருப்பான். பத்து வருஷமா அதைச் சொல்லத்தானே காத்துக்கிட்டு இருந்தான். இப்ப நாங்க வேலியில மாட்டி விழுந்ததும் மனுஷனுக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல நெவிலோட சட்டை காயுது. இப்படி வாங்க. நான் காலை நீட்டிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க, கணுக்கால்ல மாவுக்கட்டு. மடக்கினா உசிரு போகுது.

டீ நீங்களே ஊத்திக்கோங்க. கேக் இருக்கு, எடுத்துக்கோங்க. நம்ம விமானிகள் சங்கத்துலேர்ந்து விபத்தை விசாரிக்க ஆள் வர்றாருன்னதும் யாரோ மீசைக்காரக் கிழவர் வருவாருன்னு நினைச்சேன். நீங்க பாவம், என் ரெண்டாவது மருமகன் வயசு. அவனும் இப்படித்தான், நான் பேசினா வாயே திறக்க மாட்டான்.

பேரு எழுதிக்கோங்க. ரேலீன் கோட்ரல். வயசு அறுபத்திரெண்டு. பக்கத்து சீட்டுல இருந்தது என் வீட்டுக்காரரு, நெவில் கோட்ரல், அறுபத்தஞ்சு. ஓட்டினது யாரா? நான்தான். அதுல என்ன சந்தேகம்? நெவிலும் ஓட்டுவாரு, ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து போனா நான்தான் ஓட்டறதுன்னு, இந்த விமானத்தை நாங்களே ஷெட்டுல கட்டறப்ப ஆணி அடிக்கற காலத்துலயே முடிவு பண்ணிட்டோம். எடையா? அது உங்க படிவத்துல அடுத்த பக்கத்துலதானே இருக்கு. வருவோம், வருவோம். முதல்ல எஞ்சினை முடிச்சுடலாம்.

ஹார்ஷம் ரோட்டுல ஒரு டீச்சரம்மா கங்காருவுக்கு ஒதுங்கப்போய் காரோட பள்ளத்துல உருண்டுட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. கூரை நசுங்கிப்போச்சு, எஞ்சின்ல ஒரு கீறல் கிடையாது. பழைய கார் உடைக்கறவன்கிட்டேர்ந்து அதை வாங்கி ஷெட்டுல போட்டு, ஒவ்வொரு நட்டையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவினது நான். இந்தக் கையால. கார் எஞ்சின் வேகமா சுத்தினாத்தான் அதுக்குத் தெம்பு வரும், ப்ரொப்பெல்லர் அதுல பாதி வேகத்துலதான் சுத்தணும், நடுவுல பல்லு வெச்ச பெல்ட்டு ஒண்ணு போட்டோம். அப்புறம் ரேடியேட்டர், அதுக்குத் தண்ணி, குழாய்... எல்லாம் சேர்ந்து விமானத்தோட வரைபடத்துல போட்டிருந்ததை விட முப்பது கிலோ கூடிப்போச்சு. ஒத்துக்கறேன். ஆனா இருநூறு மணி நேரம் பறந்திருக்கு தம்பி, ஒரு நாள் இருமினது கிடையாது. ட்ரெவரோடது விமானத்துக்குன்னே செஞ்ச எஞ்சின், அந்தக் காசுக்கு இங்க ஒரு வீடு வாங்கலாம். ரெண்டு தடவை கோதுமை வயல்ல இறக்கியிருக்கான். அதைக் கேட்டா "காத்து சரியில்ல"ம்பான்.

எங்க தொல்லை எஞ்சின் இல்ல. எங்க தொல்லை நெவில்.

கணக்கு நீங்களே பாருங்க. விமானம் எல்லாம் சேர்த்து ஐந்நூத்து நாப்பது கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. வெறும் விமானம் முந்நூத்தம்பது. டேங்க் நிறைச்சா பெட்ரோல் அம்பது. மிச்சம் எவ்வளவு, நூத்து நாப்பது. அதுல நான் அறுபத்தொண்ணு. அப்ப அவரு எழுபத்தொம்போது இருக்கணும். மனுஷன் தொண்ணூத்தேழு இருந்தாரு. பதினோரு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின விமானத்துல ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார முடியல. ஒருத்தர் பறந்தா இன்னொருத்தர் கீழ நின்னு கையாட்டறது. நியாயமா இது?

போன வருஷம் சொல்லிட்டேன். "நெவில், வர்ற பிப்ரவரியில நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். ரோப் கடற்கரைக்குப் பறந்து போய் சிங்கி இறால் சாப்பிட்டுட்டு அன்னைக்கே திரும்பணும். நீ பதினெட்டு கிலோ குறைக்கற." அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "சரி ரேலீன்"னாரு. அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து காலையில ஒரு முட்டை, ராத்திரி பூசணி சூப்பு. பீர் கிடையாது. ஃபுட்பால் மைதானத்துல எல்லாரும் சாஸேஜ் சாப்பிடும்போது இவரு ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் கண்டிப்பாத்தான் இருந்தேன். வீட்டுல கறி அடைச்ச மீட் பை இருந்தா அவரு மனசு அலையுமேன்னு, கண்ணுல படறதுக்கு முன்னாடி நானே சாப்பிட்டு முடிச்சுடுவேன். வீணாக்க மனசு வருமா சொல்லுங்க.

திங்கக்கிழமை திங்கக்கிழமை கம்பளி மூட்டை நிறுக்கற தராசுல ஏத்தி, ஷெட்டு சுவத்துல சாக்பீஸால எழுதுவேன். தொண்ணூத்திரெண்டு, எண்பத்தெட்டு, எண்பத்தஞ்சு. இடுப்பு பெல்ட்டுல அஞ்சு ஓட்டை புதுசா போட்டாரு. ட்ரெவர் கேக்கறான், "நெவில், எஞ்சின் பெல்ட்டா, உன் பெல்ட்டா, எது முதல்ல அறுந்து போகும்?" சிரிச்சாங்க எல்லாரும். நெவிலும் சிரிச்சாரு. எனக்குத்தான் கோவம் வந்துச்சு.

நானா? நான் எதுக்குத் தராசுல ஏறணும்? என் எடைதான் லைசென்ஸ் வாங்கும்போதே எழுதினதாச்சே.

அதாவது... இருபது வருஷம் இருக்கும். அன்னைக்கு அது உண்மைதான் தம்பி.

டீ ஆறிடுச்சா? கேக்காவது சாப்பிடுங்க. என் பொண்ணு செஞ்சது, எனக்கு இப்ப நிக்க முடியலயேன்னு.

ஆகஸ்டுல எழுபத்தொம்போதைத் தொட்டுட்டாரு. "போதும் நெவில், ஜெயிச்சுட்ட"ன்னு சொன்னேன். நிறுத்தல. எழுபத்தேழு, எழுபத்தஞ்சு. கன்னம் ஒட்டிப்போச்சு, சட்டை ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்குது. "உனக்கு எதாவது வியாதியா? டாக்டர்கிட்ட போ"ன்னு கத்தினேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு ரேலீன்"னாரு. எழுபதுல வந்து நின்னாரு. அதுக்கப்புறம் விமானத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் தைச்சுப் போட்ட கால்மிதியைக் கழட்டினாரு, சீட்டு மெத்தையைச் சீவினாரு. எனக்கு எரிச்சல். கணக்குதான் சரியாயிடுச்சே, இன்னும் என்னத்தைச் சுரண்டற, கிளப்புல எல்லாரும் பாத்து சிரிக்கவான்னு கேட்டேன். அவரு பாட்டுக்குச் சீவிக்கிட்டே இருந்தாரு. கல்லு மாதிரி ஆளு.

சரி, அந்த நாள். எழுதிக்கோங்க.

காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடணும், குளுமையா இருக்கும்னு நெவில் முந்தின நாளே சொன்னாரு. நான் பத்து மணிக்கு முடி வெட்டறவகிட்ட நேரம் வாங்கியிருந்தேன். நாப்பதாவது கல்யாண நாளுக்குத் தலையை இப்படியே வெச்சுக்கிட்டா போவாங்க? வந்து சேரும்போது பதினொண்ணரை. வெயில் நாப்பத்தொண்ணு. ரன்வே புல்லெல்லாம் கருகிப்போய் கிடக்கு. நான் சுத்திப் பாக்கறேன், டேங்க்குல பெட்ரோல் பாதிதான் இருக்கு. வயசாச்சு, மறந்துட்டாரு பாவம்னு நினைச்சு, அவரு கால் கழுவப் போயிருந்த நேரத்துல நானே கேனைத் தூக்கி ஊத்தி நிறைச்சுட்டேன். வழியில நிறுத்தாம நேரா போலாம்ல? அப்புறம் என் பை. ஒரு கவுன், செருப்பு, ஷாம்பெயின் ஒரு பாட்டில், கடற்கரையில வெட்ட ஒரு பழ கேக்கு. ஒம்போது கிலோ வந்துச்சாம். நீங்கதான் நிறுத்துப் பாத்தீங்களாமே, உங்க ஆளுங்க. ஒரு கவுனும் கேக்கும் அவ்வளவு வருமா என்ன.

ரன்வே முனையில போய் நின்னா, ட்ரெவர் அப்பத்தான் இறங்கிக்கிட்டு இருக்கான். மெதுவா, ஊர்வலம் வர்ற மாதிரி. எங்க எஞ்சின் நின்ன இடத்துலயே கொதிக்குது, ரேடியேட்டருக்குக் காத்து வேணுமே. சூடு காட்டற முள்ளு சிவப்புக்குப் பக்கத்துல போயிடுச்சு. நெவில் டேங்க் அளவைப் பாத்தாரு. அப்பத்தான் பாத்தாரு. முகம் வெளுத்துப்போச்சு. "ரேலீன், பெட்ரோலை யாரு ஊத்தினது?" நான்தான்னேன். "திரும்பிடலாம், கொஞ்சம் இறக்கிட்டு வரலாம்"னாரு. ட்ரெவர் அவன் விமானத்து மேல சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு நிக்கறான். அவன் முன்னாடி நான் திரும்பிப் போகணுமா? வேகம் கூட்டற த்ராட்டிலை முழுசா தள்ளிட்டேன்.

ஓடுச்சு, ஓடுச்சு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாதி ரன்வேல நெவில் "நிறுத்து"ன்னாரு. முக்கால்ல "ரேலீன், நிறுத்தும்மா"ன்னாரு. நாப்பது வருஷத்துல மனுஷன் என்கிட்ட ரெண்டு தடவை ஒரே விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் தூக்கினேன். தூக்குச்சு. ஒரு ஆள் உசரம் தூக்கிட்டு, அதுக்கு மேல முடியல. வேலிக் கம்பி சக்கரத்துல மாட்டுச்சு. அடுத்து அறுவடை முடிஞ்ச வயல்ல நாங்க தலைகுப்புற. எஞ்சின் அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு தம்பி, ப்ரொப்பெல்லர் போயும் ஓடுச்சு. அதை எழுதுங்க. சாவியை நெவில்தான் திருப்பி அணைச்சாரு, ஒடிஞ்ச தோள்பட்டை எலும்போட.

ஓடி வந்த முதல் ஆளு யாருன்னு நினைக்கறீங்க? ட்ரெவர்தான். என்னை இழுத்து வெளியில போட்டவனும் அவன்தான். இழுக்கும்போது "அம்மாடி"ன்னு ஒரு முனகல் விட்டான். அப்பவே எனக்கு உறுத்திச்சு.

என்ன, அந்தப் பக்கமா? ஆமா, எடை. நிரப்பணும், தெரியுது.

ஆஸ்பத்திரியில நர்ஸ் வந்தா. வலிக்கு ஊசி போடணும், எத்தனை கிலோ இருப்பீங்கன்னு கேட்டா. அறுபத்தொண்ணுன்னேன். நடுவுல ஒரு திரை, அந்தப் பக்கம் நெவில் படுத்திருக்காரு. திரைக்கு அந்தாண்டேர்ந்து சத்தம் வருது, "எண்பத்திரெண்டு." நர்ஸ் என்னைப் பாத்தா. நான் திரையைப் பாத்தேன். அவ எண்பத்திரெண்டுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டா. என்னை மறுபடி ஒரு வார்த்தை கேக்கல.

ராத்திரி கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும்னு. "முப்பது வருஷம் தானியக் கிடங்குல எடைமேடை பாத்தவன் நான். லாரி ரோட்டுல திரும்பும்போதே எத்தனை டன்னுன்னு சொல்லிடுவேன். என் பொண்டாட்டியைத் தெரியாதா?"ன்னாரு. எத்தனை நாளா தெரியும்னு கேட்டேன். "ஒவ்வொரு கிலோவும் வந்த அன்னைக்கே தெரியும்."

அப்ப ஏன் வாயைத் திறக்கலன்னேன். கட்டில் கிரீச்சுன்னுச்சு. திரைக்கு அந்தப் பக்கம் என்னைப் பாத்துத் திரும்பிச் சொன்னாரு. "போன தடவை டாக்டர் எடை பாக்கணும்னு சொன்னதுக்கே மூணு வருஷம் அவர் பக்கம் போகல நீ. நான் சொன்னா பறக்கறதையே விட்டுருப்ப. உன் பங்கு குறையாது, என் பங்குலேர்ந்து குறைச்சுக்கலாம்னு பாத்தேன். எழுபதுக்குக் கீழ இறங்க மாட்டேன்னுடுச்சு. அதான் பெட்ரோலைப் பாதி வெச்சேன், வழியில நிறுத்திப் போட்டுக்கலாம்னு."

நான் அந்த மனுஷனை ஒரு வருஷம் பூசணி சூப்புல போட்டு வதைச்சேன் தம்பி. அவரு எனக்கு இடம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு.

கூட்டிப் பாத்துட்டேன், நீங்க கூட்ட வேண்டாம். அன்னைக்கு இருபத்தொரு கிலோ அதிகம். எண்பத்திரெண்டுல அறுபத்தொண்ணு போனா எவ்வளவு? ஆமா. அதேதான்.

அழல, கண்ணுல தூசி. இந்த ஊர்ல பிப்ரவரியில எல்லார் கண்ணுலயும் தூசிதான். நெவில் ஷெட்டுல இருக்காரு, போய்ப் பாருங்க. ஒத்தக் கையால எஞ்சினைப் பிரிச்சுக்கிட்டு இருக்காரு, உள்ள ஒரு பழுதும் இல்லன்னு உங்களுக்குக் காட்டணுமாம். விபத்துக்குக் காரணம்ங்கற இடத்துல எஞ்சின்னு வந்துச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு. என் பேரு வந்தா தாங்கிப்பாரு, பழக்கமானதுதானே. விமானியின் எடை, விமானியின் பிடிவாதம், எது சரியா வருமோ அதைப் போடுங்க.

குடுங்க, எங்க கையெழுத்து? இருங்க, முதல்ல அந்தக் கட்டத்தை நிரப்புங்க. எண்பத்திரெண்டு. நம்பரா எழுதாதீங்க தம்பி, எழுத்தால எழுதுங்க. நம்பரா இருந்தா நான் திருத்திடுவேன்.