சாரணியரின் இடக்கை

தர்மபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவருக்கும் முப்பதுக்குள் இருக்கும். ஒருத்திக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மற்றவள் தன் மகளின் பெயரைச் சாரணியர் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லப் பள்ளிக்கூடம் போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“சீருடை, அணிநடை எண்டாலே எனக்குச் சண்டைக்காலம்தான் ஞாபகம் வருது. நாங்கள் பட்டது காணும்.”

“எல்லாரும் எனக்கு இடக்கையால கைகுடுத்த ஒரே இடம் அதுதான் மச்சாள்.”

“உங்கட கைக்காகத்தானே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தாப்பிறகு எங்கட பள்ளிக்கூட டீச்சர் தகரக் கொட்டிலுக்க சாரணியரைத் திரும்பத் தொடங்கினவா. முதல்நாளே எல்லாரும் இடக்கையை நீட்டினவை. பாவம் பாக்கினம் எண்டு கோவிச்சுக்கொண்டு நான் பிறகு போகேல்லை. டீச்சர் வீட்டை வந்து சிரிக்கிறா. ‘எடி விசரி, நான் பிறக்க முதலே சாரணியர் உலகம் முழுக்க இடக்கையாலதான் கைகுடுக்கிறவை’ எண்டா.”

“உண்மையாவோ?”

“ஓம். வேற இடத்தில ஆக்கள் வலக்கையை நீட்டிப்போட்டு முழிப்பினம். அங்க நானும் எல்லாரையும் போலதான். டீச்சர் அண்டைக்கு வராட்டி நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருப்பன்.”



“பள்ளிக்கூடத்தடி இறங்கிற ஆக்கள் வாங்கோ,” என்றார் நடத்துநர்.

மற்றவள் எழவில்லை.

“நீங்கள் இஞ்சைக்கெல்லே டிக்கெட் கேட்டனீங்கள், அக்கா?”

“சந்தையடிக்கு மாத்திப் போடுங்கோ தம்பி. மகளுக்குச் சீருடைத் துணி எடுக்கவேணும்.”