எத்தினை ஓம்?

வோபர்ன் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த கணவன் மனைவியிடம், "நேற்று நானே கொயில் கட்டினன்," என்றான். கோயில் என்று கேட்டதால் பக்திமான் என நினைத்தேன். வேப் எனும் மின்சிகரெட்டின் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளாம்.

"ரெசிஸ்டன்ஸ் அளந்தனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை ஓம்?"

"அதுதான் ஓம் எண்டுறனே!" அவன் சொன்னது 'ஆமாம்'; அவள் கேட்டது மின்தடையின் அலகு.

"அப்ப அளக்கேல்லை. ஓம் குறைஞ்சா பற்றறி கொதிச்சு வெடிக்கும். அந்தப் பற்றறியையும் கழட்டி, கதவுத் திறப்போட பொக்கற்றுக்குள்ள போட்டிருக்கிறியள்; இரும்பு முட்டினாலும் வெடிக்கும்."

"ஒண்டும் நடக்காதப்பா."

"இஞ்சரப்பா, பொக்கற் உங்கட. பக்கத்தில இருக்கிறது நான். எடுங்கோ."

எடுத்தான். அவள் அதைத் தன் காலியான பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து இறுக மூடினாள்.

"திருப்பித் தருவீரோ?"

"ஓம்."

"எப்ப?"

"அதை அளக்கிற மீற்றர் வாங்கி, எத்தினை ஓம் எண்டு சொல்லேக்க."