மருதோடையில் நான் நட்ட எட்டுப் பலகைகள்

2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆம் திகதி காலை 5.40 மணிக்கு, பொலிஸ் நிலையத்துக்குத் தானாகவே வந்த நபர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: கோணாமலை அருமைநாயகம். வயது: 51. முகவரி: பிள்ளையார் கோயில் வீதி, களுதாவளை. வேலை நாட்களில் தங்குவது மருதோடை வாயில் உள்ள கொட்டிலில். தொழில்: மருதோடை ஒதுக்கிடத்தின் தற்காலிகக் காவலாளி. பதினேழு வருடமாகத் தற்காலிகம்.

மருதோடை மேற்கே காட்டில் தொடங்கி வாவியில் விழும் ஓடையாகும். மூன்று மைல் தூரத்துக்கு அதன் இரு கரையும் விலங்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளத்தாக்கு. கரையோடு உழவு மெசின் போகும் பாதை ஒன்று உள்ளது. பாதையின் முடிவில், ஒதுக்கிடத்துக்கு வெளியே, கந்தப்போடி மங்கையற்கரசி என்பவரின் நான்கு ஏக்கர் வயல் உள்ளது. அதற்கு வேறு வழி இல்லை.

2007 ஆம் ஆண்டு சண்டையில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. ஜூலை மாதம் நான் திரும்பிப் போனபோது ஊரில் ஆள் இல்லை, ஓடையில் மரம் வெட்டுபவர்கள் இருந்தார்கள். மரம் வெட்டுவது குற்றம் என்று எழுதிய எங்கள் பலகைகளில் அவர்கள் சட்டை காயப்போட்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டேன், அவர்கள் சிரித்தார்கள். விழுந்து கிடந்த மருதமரங்களைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதன் பின்னர் அந்த எட்டுப் பலகைகளையும் கழற்றி, சிவப்பு பெயின்ற் பூசி, மண்டையோடு கீறி, மிதிவெடி, உள்ளே போகவேண்டாம் என்று எழுதி, பாதை நெடுகிலும் நட்டேன். என்னை யாரும் தூண்டவில்லை. மண்டையோடு நன்றாகவே வந்திருந்தது. இரண்டு நாளில் வெட்டுக்காரர் போய்விட்டார்கள்.

அதன் பின்னர் நான் பாதையில் நடக்கவில்லை. காலடி கண்டால் பொய் பிடிபட்டுவிடும் என்பதால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீருக்குள்ளேயே போய் வந்தேன். பதினைந்து மாதமும் அப்படித்தான். தண்ணீரில் நடப்பவனை விலங்குகள் மனிதனாக எடுப்பதில்லை. விடியப்புறம் ஓடையின் மேல் பனி படுத்திருக்கும், இடுப்புக்குக் கீழே நான் இருக்கிறேனா என்பது எனக்கே தெரியாது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று என்னைச் சுற்றி நீந்தி மீன் தின்னும். எதிர்க்கரையில் மரைமான்கள் தண்ணீர் குடிக்க வந்து, என்னைப் பார்த்து, பிறகும் குடிக்கும். வெட்டிய மருதங்குற்றிகளில் தளிர் வந்தது, பாதையில் இடுப்பளவு புல் எழும்பியது. சில நாட்கள் வந்த வேலையை மறந்து வெயில் ஏறும்வரை தண்ணீரில் நின்றிருக்கிறேன். நாட்டில் சண்டை நடப்பது நினைவுக்கே வராது. நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

(இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்லும்படி அவருக்குக் கூறப்பட்டது.)

அதே வருடம் ஓகஸ்டில் சனம் திரும்பியது. மங்கையற்கரசியும் மூன்று பிள்ளைகளோடு ஓடைவாயில் உள்ள தன் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லாதவர். என் பலகைகளால் அவர் வயலுக்குப் போகவில்லை, சென்ற மாரியில் விதைக்கவும் இல்லை. தினமும் என் கொட்டிலைத் தாண்டிக் கூலி வேலைக்குப் போவார், சில நாட்களில் முதலாவது பலகையடியில் கொஞ்ச நேரம் நிற்பார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. ஓடையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இம்மாதம் 6 ஆம் திகதி அவர் வீட்டுக்கு நெருப்புப்பெட்டி கேட்டுப் போனேன். அவர் ஒரு பிடி விதைநெல்லை ஈரத்துணியில் போட்டு முளை பார்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் முளைத்திருந்தது. "இந்த மாரியும் போனா விதை செத்திரும் அண்ண" என்றார். அவ்விடத்திலேயே உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "ஒரு வருசம்" என்று மட்டும் சொன்னார். அதன் பின்னர் 9 ஆம் திகதி, அதாவது இன்று, காலை ஏழு மணிக்கு வரும்படி பதியுதீன் என்பவரின் உழவு மெசினைப் பேசினார். பலகைகளைப் பிடுங்கிவிடுவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

நேற்று மாலை, பலகை நட்ட பிறகு முதல் தடவையாக, பாதையில் நடந்தேன். ஆறு பலகைகளைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். ஏழாவதன் அருகில் பெண் மரை ஒன்று செத்துக் கிடந்தது. முன்கால் ஒன்று இல்லை. பாதையின் நடுவில் சட்டியளவு குழி. மழை கரைத்த மண்ணில் இன்னொரு மிதிவெடியின் பச்சை மூடி தெரிந்தது. எவ்வளவு நேரம் அசையாமல் நின்றேன் என்று தெரியாது. கீழே நீர்நாய்கள் வழக்கம்போல் விளையாடிக்கொண்டிருந்தன. அதன் பின்னர் வந்த காலடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தேன். யார் புதைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் பலகை நட முன்னரே அவை அங்கே இருந்திருக்க வேண்டும்.

நேரே மங்கையற்கரசியிடம் ஓடினேன். விதைநெல் மூட்டைகள் வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "முந்தி வெடி எண்டீங்க. மறுகா பொய் எண்டீங்க. இப்ப திரும்பவும் வெடி எண்டுறீங்க. உங்கட நீர்நாயும் மரையும் நல்லா இரிக்கணும், என்ட புள்ளையள் பட்டினி கிடக்கணும், அதானே?" என்றார்.

"செத்த மரையை வந்து பார் புள்ள" என்றேன்.

"அதுக்கும் நீங்கதான் காலை வெட்டியிருப்பீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதன் பின்னர், இரவில் மூடிவைக்கும் காவலரணில் பாதை திறக்கும்வரை காத்திருந்து, ஐந்து மணிக்குத் திறந்ததும் இங்கே வந்தேன்.

கேள்வி: பிடுங்காத பலகைகள் அங்கே நிற்கின்றனவா?
பதில்: இரண்டு நிற்கின்றன. அவை பொய் என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

கேள்வி: உங்கள் மீது வழக்கு வரும் என்பது தெரியுமா?
பதில்: ஓம். வரட்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வாயால் சொன்னால் மங்கையற்கரசி இனி நம்பமாட்டார். சீருடையில் ஒருவர் போய்ச் சொன்னால் நம்புவார். இப்போது மணி 6.10. கையொப்பம் வைக்கிறேன். ஐயா, ஜீப்பை எடுங்கள்.

(ஒப்பம்) கோ. அருமைநாயகம்