சிப்பாய்க்குச் செவப்பாப் போவுது

பாலகணேஷ்: அத்தான், நாய்க்கு என்னன்னு நாய் டாக்டர்ட்டல்ல கேக்கணும்? ராசபாளையத்துல நான் லேப்பு வச்சிருக்கது மனுசனுக்கு.

சீனிச்சாமி: மெதுவாப் பேசுலே! ஒங்கக்கா அடுப்படில நிக்கா. சிப்பாய்க்கு மூத்திரம் செவப்பாப் போவுதுப்பா... ரத்தமோன்னு பயமாருக்கு.

பாலகணேஷ்: எம்புட்டு நாளா?

சீனிச்சாமி: ரெண்டு மாசமா. காலைலதான் ரொம்ப. கக்கூஸ் பூராம் ஆரஞ்சுக் கலரு...

பாலகணேஷ்: எது? சிப்பாய் கக்கூஸ்லயா போறான்?

சீனிச்சாமி: இல்லப்பா... அது வந்து...

பாலகணேஷ்: ஏட்டையா! வில்லிபுத்தூர்ல எத்தன களவாணிகள மடக்கியிருப்பீய... ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியலையே!

சீனிச்சாமி: சிரிக்காதலே...

பாலகணேஷ்: டிபி மாத்திரையா?

சீனிச்சாமி: எப்டிலே கண்டுபிடிச்ச?

பாலகணேஷ்: அந்த மாத்திரையில ஒண்ணு அப்டித்தான் கலர் விடும். ரத்தமுமில்ல, ஒண்ணுமில்ல. எங்க வாங்குறீய?

சீனிச்சாமி: வத்திராயிருப்பு ஆஸ்பத்திரில. பந்தோபஸ்துன்னு சொல்லிட்டுப் போவேன். மாத்திரைய சிப்பாயோட பிஸ்கட் டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கேன்.

பாலகணேஷ்: அடேங்கப்பா!

சீனிச்சாமி: இப்ப இருமல் சுத்தமா நின்னுபோச்சு மாப்ள. திங்கக்கெழமையோட நிறுத்திரலாம்னு...

பாலகணேஷ்: நிறுத்துனீயன்னா நானே போலீசக் கூப்பிடுவேன்!

சீனிச்சாமி: நான்தாம்லே போலீசு!

பாலகணேஷ்: அப்பக் கேளுங்க. ஒடம்புக்குள்ளயும் ரோந்து சுத்துற செல்லு ஒண்ணு இருக்கு. பெருவிழுங்கின்னு பேரு.

சீனிச்சாமி: மாமூல் வாங்குற ஆளுக்கு வச்ச பேரு மாதிரில்ல இருக்கு!

பாலகணேஷ்: எந்தக் கிருமி வந்தாலும் லபக்குன்னு முழுங்கி, வயித்துக்குள்ள ஆசிட்ட விட்டுக் கரைச்சிரும்.

சீனிச்சாமி: நல்ல போலீசு.

பாலகணேஷ்: டிபி கிருமி மட்டும், என்னைய முழுங்குன்னே வந்து நிப்பான். உள்ள போனதும் ஆசிட்ட வரவிடாமக் கதவ அடைச்சிருவான்.

சீனிச்சாமி: ஏ... லாக்கப்புக்குள்ளயே சோறாக்கித் திங்கானா?

பாலகணேஷ்: பிள்ளகுட்டி கூடப் பெத்துக்கிடுதான்!

சீனிச்சாமி: டிபார்ட்மெண்டு மானமே போச்சே! மத்த போலீசெல்லாம் எங்க போனாங்க?

பாலகணேஷ்: ஓடி வந்து ஸ்டேஷனச் சுத்தி வளைச்சிருவாங்க. இவன் உள்ளயே கம்முனு படுத்துக்கிடுவான். வருசக்கணக்காக் கூடப் படுப்பான்.

சீனிச்சாமி: அப்ப எனக்கு இருமல் நின்னது...

பாலகணேஷ்: முக்காவாசிப் பயலுக செத்துட்டாங்க. மிச்சம் இருக்கவன் தூங்குதான். ஆறு மாசம் மாத்திரை உள்ள போனாத்தான் அவனும் ஒழிவான். நடுவுல நிறுத்துனா, பந்தோபஸ்து போயிருச்சுடோய்னு எந்திரிப்பான். பொறவு இந்த மாத்திரைக்கே அசரமாட்டான்.

சீனிச்சாமி: ...இன்னும் நாலு மாசம் நாய் பக்கத்துலயே படுக்கணுமாலே?

பாலகணேஷ்: எதுக்கு அங்க படுக்கீய?

சீனிச்சாமி: வேக்காடா இருக்குன்னு சொல்லிட்டு வாசல்ல படுத்துக்கிடுதேன். ஒங்கக்காவுக்கு ஒட்டிரக் கூடாதுல்ல...

பாலகணேஷ்: ஒழுங்கா மாத்திரை தின்னா கொஞ்ச நாள்லயே ஒட்டுறது நின்னுரும். டாக்டர்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. ஆனா அக்காட்டச் சொல்லித்தான் ஆவணும். அவளுக்கும் டெஸ்ட்டு பாக்கணும்.

சீனிச்சாமி: சொன்னா ஒதுங்கிருவா மாப்ள. எனக்கு அதான்... நோயக் கூடத் தாங்கிருவேன். அவ தட்ட வேற, டம்ளர வேறன்னு வச்சுட்டான்னா தாங்கமாட்டேன்.

பாலகணேஷ்: யாரு, அக்காவா? ஒதுங்கவா? ஹஹ்ஹஹா...

சீனிச்சாமி: எதுக்குலே சிரிக்க?

பாலகணேஷ்: ஒண்ணுமில்ல அத்தான்... அந்தா அவளே வாரா.

பொன்மணி: என்ன, ஏட்டும் மச்சினனும் குசுகுசுங்கீய? இந்தாங்க முட்டை.

சீனிச்சாமி: பொன்மணி... சிப்பாய்க்கு...

பொன்மணி: சிப்பாய்க்கு என்ன? இப்பத்தான் வேப்பமரத்துல காலத் தூக்குனான். தெளிஞ்ச தண்ணியாப் போவுது.

பாலகணேஷ்: போச்சு!

பொன்மணி: ரெண்டு மாசமாத் தெனம் ரெண்டு முட்டை அவிச்சு வைக்கனே, எதுக்குன்னு நெனச்சீய?

சீனிச்சாமி: ...பிஸ்கட் டப்பாவப் பாத்தியோ?

பொன்மணி: பாத்தேன். தெனமும் எண்ணியும் பாப்பேன். ஒருநாளு தப்பியிருந்தாலும் அன்னைக்கே சட்டையப் பிடிச்சிருப்பேன். நானும் போன மாசமே டெஸ்ட்டு எடுத்துட்டேன், ஒண்ணுமில்ல. ஒங்க பாயயும் உள்ள எடுத்துப் போட்டாச்சு.

சீனிச்சாமி: ஏட்டி... ஒனக்குப் பயமாயில்லையா? டப்பாவத் தொறக்கணும்னு எப்டித் தோணுச்சு?

பொன்மணி: கக்கூஸக் கழுவுறவளுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முந்துன வருசம் ஆறு மாசம் எனக்கும் இதே மாத்திரை, இதே கலருதான்... சொன்னா நீங்க ஒதுங்கிருவீயளோன்னு இருவத்திரெண்டு வருசமா நானும் வாயத் தொறக்கல.