ஸ்லாவா அன்று விசாரணை இல்லை

வேகவைத்த கோதுமையில் அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு எனக்கு உயிர். பெல்கிரேடிலும் இப்படித்தானே, இன்ஸ்பெக்டர்? குடும்பத்தின் காவல் புனிதருக்குரிய ஸ்லாவா நாளில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அதில் ஒரு கரண்டி தருவார்கள். அந்த ஆசையில்தான் ஊரில் யாருக்கு என்றைக்கு ஸ்லாவா என்பது எனக்கு மனப்பாடமானது. நீங்கள் சந்தேகிப்பதுபோலத் திட்டமெல்லாம் ஒன்றுமில்லை.

நீதிமன்றத்தில் வழக்குகளுக்குத் தேதி குறிப்பது என் வேலை. ஸ்லாவா என்று ஒருவர் சொன்னால் எந்த நீதிபதியும் மறுப்பதில்லை. வீட்டில் மெழுகுவர்த்தி எரியும்போது மனிதனைக் கூண்டருகே நிறுத்துவதா? விசாரணை தானாகவே தள்ளிப்போகும்.

துன்யாவின் வழக்கும் அப்படித்தான் தள்ளிப்போனது. வாலிபால் ஆடும் பெண். உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் வெலிமிர் தன்னை என்ன செய்தார் என்பதை நீதிபதி முன் சொல்ல வந்தாள். வெலிமிர் என் திருமணத்தில் சாட்சியாக நின்றவர், என் கும்; அவருக்கு நானும் கும். உடன்பிறந்தவனிடம்கூட முடியாது என்று சொல்லலாம், கும்மிடம் சொல்ல முடியாது. அவரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டு ஸ்லாவாவில் எனக்குப் பிளம் பிராந்தி ஊற்றியபடி, "கும், இந்தக் கேஸுக்குச் சட்டத்துல ஒரு கெடு இருக்காமே. அதுவரைக்கும் மெதுவா போனா யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார்.

முதல் தேதியை அவருடைய வக்கீலின் ஸ்லாவாவில் போட்டேன். அடுத்ததை, சாட்சி சொல்ல வேண்டிய மருத்துவரின் ஸ்லாவாவில். பிறகு நீதிபதியுடையதிலேயே. ஒவ்வொரு முறையும் துன்யா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னும் எத்தனை புனிதருங்க பாக்கி இருக்காங்க, அண்ணே?" என்று அவளுடைய அம்மா ஒருநாள் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க ஸ்லாவா எப்பன்னு சொல்லுங்க, அன்னைக்குப் போடமாட்டேன்."

"போடுங்க அண்ணே. எங்க புனிதரையும் கூட்டிக்கிட்டே வர்றோம்."

நடைவழியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். துன்யா மட்டும், "அடுத்த தடவையாவது பேச விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா, கண்ணு," என்றேன்.

அடுத்த தேதியை வெலிமிரின் ஸ்லாவாவில் போட்டேன். அதற்கப்புறம் இன்னொரு தேதி குறிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. அவள் சொல்ல வந்ததை இனி எந்த நீதிபதியும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஸ்லாவா மாலையில் கும் வீட்டில் கோதுமை பதமாக வெந்திருந்தது.

ஆம், எல்லாத் தேதிகளையும் தெரிந்தேதான் போட்டேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லும் கூச்சமாவது அவளுக்கு இல்லாமல் போனது. தவிர, அவள் சொன்னதில் உண்மை இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் மகளும் வாலிபால் ஆட வேண்டும் என்று அழுதவள்தான். வெலிமிர் தானே சொல்லித் தருவதாகக்கூடச் சொன்னார். துன்யா புகார் கொடுப்பதற்கு முந்தைய கோடை அது. நான் மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்துவிட்டேன். அவளுக்கு விரல்கள் நீளம், அவ்வளவுதான்.