ரெண்டு புள்ளி, ஒரு கோடு

அடிச்சாரான்னு கேக்கறீங்களா? ஐயோ, இல்ல கவுன்சலர் மேடம். குடியும் கிடையாது. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டாரு. அதோ வெளில பெஞ்சுல என் கைப்பைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான்.

பின்ன எதுக்கு விவாகரத்துன்னுதானே பாக்கறீங்க? அதத்தான் சொல்ல வர்றேன், நீங்க ஃபைலையே புரட்டிட்டு இருக்கீங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆராய்ச்சி நிலையம். கடல் தண்ணில இரும்பு எப்படித் துருப்பிடிக்குதுங்கறதுதான் எங்க வேலை. அவரு லேப்ல சோதனை பண்ணுவாரு, நான் கணக்குப் பாத்து கட்டுரையா எழுதுவேன். மேல அவர் பேரு, பக்கத்துல என் பேரு. யார் பேரு முன்னாடின்னு ஒரு நாளும் சண்டை வந்ததில்ல. அதுதான் வினையாப் போச்சு.

இப்ப எனக்குப் பதவி உயர்வு வரணும். இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் இதே நாற்காலிதான். நான் எழுதுனத அங்க ஒருத்தரும் படிக்கறதில்ல மேடம். எத்தனை எழுதுனேன், யார் யாரோட சேந்து எழுதுனேன், அத எத்தனை பேரு அவங்க கட்டுரையில எடுத்துச் சொன்னாங்க, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தட்டுனா ஒரு மார்க் வரும். அந்த மார்க்தான் நான்.

அதுல படம் வேற போடுது. யாரு யாரோட சேந்து வேலை செஞ்சாங்கன்னு. மத்தவங்களுக்கெல்லாம் சிலந்தி வலை மாதிரி விரியுது. மெஷின் ரூம் சாவி வெச்சிருக்காரு ஒருத்தரு. கட்டுரையில அவரு பேரச் சேத்தாத்தான் சாவியே தருவாரு. இருக்கறதுலயே பெரிய வலை அவருக்குத்தான். எனக்கு ரெண்டே புள்ளி, நடுவுல தடியா ஒரு கோடு. நானும் எங்க வீட்டுக்காரரும்.

புருஷனோட எழுதினா பாதி மார்க்காம். அவரு என் கட்டுரைய எடுத்துச் சொன்னா, நாமளே நம்மளப் புகழ்ந்துக்கற மாதிரியாம், கணக்குலயே வராதாம். உங்களுக்குத் தனியா யோசிக்கத் தெரியும்னு எப்படிம்மா நம்பறதுன்னு டைரக்டர் சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு. எழுதுனது பூரா நான் மேடம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதே எரிச்சலோட வீட்டுக்குப் போனேன். அவரு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாரு. பேசாம உங்கள விவாகரத்து பண்ணிடறேன், அப்பவாவது முழு மார்க் வரும்னு கத்தினேன். கோபத்துல வாய்க்கு வந்தது. எந்த வீட்ல சொல்லாம இருக்காங்க?

அவரு கையத் தொடச்சுட்டுப் போய் கம்ப்யூட்டர்ல அந்த மார்க் கணக்கத் தொறந்து உக்காந்தாரு. உறவுக்காரரான்னு கேக்கற கட்டத்துல இல்லன்னு போட்டு, மொத்தத்தையும் மறுபடி கணக்குப் பாத்தாரு. நீ சொல்றது சரிதாம்மா, தாராளமாக் கிடைச்சுடும்னாரு. மறுநாளே வக்கீலப் பாத்து, அவரு கையெழுத்தையும் போட்டுட்டு வந்துட்டாரு. எனக்கு என்னமோ பெரிய ஒத்தாசை பண்ணிட்ட மாதிரி முகத்துல அவ்வளவு சந்தோஷம்.

அவரக் கூப்பிடணுமா? கூப்பிடுங்க. இல்ல, நான் இன்னும் கையெழுத்துப் போடல. பேனாவெல்லாம் இருக்கு மேடம். வேணாம்மா, விட்டுத்தள்ளுன்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு வழியெல்லாம் அவரு முகத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். பஸ்ல ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுக் குடுத்தாரு. வேற ஒண்ணும் சொல்லல.